‘தி பாயிண்ட் மென்’: ஆப்கானிஸ்தான் பணயக்கைதிகள் கதையில் எது நிஜம், எது சினிமா?

கேள்வி இது: “‘தி பாயிண்ட் மென்’ என்ற கொரியப் படம் உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்கிறார்கள். அதில் காட்டியபடி ஒரு வெளியுறவுத் துறை அதிகாரியும் ஓர் உளவு அதிகாரியும் சேர்ந்துதான் தாலிபான்களிடமிருந்து கைதிகளை மீட்டார்களா? தென்கொரியாவிடம் நல்ல கமாண்டோ படை இருந்தும் ஏன் பேசிக்கொண்டே இருந்தார்கள்? இதே வகையில் வேறு எந்தப் படத்தைப் பார்க்கலாம்?”

சம்பவம் உண்மை, அந்த இரண்டு கதாநாயகர்கள் கற்பனை. கமாண்டோக்களை ஏன் அனுப்பவில்லை என்பதற்குப் படம் அரைகுறையாகத்தான் விடை சொல்கிறது. அதைச் சற்று விரித்தே எழுத வேண்டும். 2007இல் நடந்தவற்றின் முடிச்சு முழுவதும் அந்த விடையில்தான் இருக்கிறது.

2007 ஜூலை 19 அன்று, சியோலுக்குத் தெற்கே புந்தாங்கில் உள்ள சேம்முல் தேவாலயத்தின் குழு ஒன்று காபூலிலிருந்து கந்தகார் செல்லும் நெடுஞ்சாலையில் வாடகைப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தது. கஜினி மாகாணத்தின் காராபாக் மாவட்டத்தில் தாலிபான்கள் அந்தப் பேருந்தை மறித்து, அதிலிருந்த கொரியர்கள் 23 பேரையும் கடத்திச் சென்றனர். அவர்களில் 16 பேர் பெண்கள். பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். மருத்துவம், கல்வி ஆகிய சேவைகளுக்காகவே சென்றார்கள் என்று தேவாலயமும் அரசும் சொல்லின. மதப் பிரசாரத்துக்காகச் சென்றார்கள் என்று கொரியாவிலேயே பலர் குற்றம்சாட்டினார்கள். புறப்படும் முன் இன்சியான் விமான நிலையத்தில், ஆப்கானிஸ்தானுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கும் அரசு அறிவிப்புப் பலகைக்கு அருகிலேயே நின்று, சிரித்த முகத்தோடு அவர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படம் பின்னர் வெளியாகி, அனுதாபத்தைவிடக் கோபத்தையே அதிகம் கிளப்பியது.

தாலிபான்கள் முதலில் தென்கொரியப் படைகள் வெளியேற வேண்டும் என்றார்கள். பிறகு, 23 பேருக்கு ஈடாகச் சிறையிலிருக்கும் தங்கள் ஆட்கள் 23 பேரை விடுவிக்க வேண்டும் என்றார்கள். கெடு வைப்பதும், நீட்டிப்பதும், மீண்டும் வைப்பதுமாக நாள்கள் நகர்ந்தன. ஜூலை 25 அன்று குழுவை வழிநடத்திய போதகர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில், 29 வயது இளைஞர் ஒருவரும் கொல்லப்பட்டார். மீதமிருந்த 21 பேரில் இரண்டு பெண்கள் ஆகஸ்ட் 13 அன்றும், எஞ்சிய 19 பேர் ஆகஸ்ட் 29, 30 ஆகிய இரு நாள்களிலும் விடுவிக்கப்பட்டார்கள். மொத்தம் ஆறு வாரங்கள்.

இந்த ஆறு வாரங்களில் சியோல் எதிர்கொண்ட முதன்மையான சிக்கல் துணிச்சலோ ஆயுதமோ அல்ல. கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதுதான். தாலிபான்கள் கேட்ட கைதிகள் ஆப்கன் அரசின் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கும் அதிகாரம் அதிபர் ஹமீத் கர்சாயிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் அமெரிக்கா இருந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம், கடத்தப்பட்ட ஓர் இத்தாலியப் பத்திரிகையாளருக்கு ஈடாகக் கர்சாய் ஐந்து தாலிபான் கைதிகளை விடுவித்திருந்தார். இத்தாலியர் உயிரோடு திரும்பினார். அவரோடு பிடிபட்ட ஆப்கன் மொழிபெயர்ப்பாளரைத் தாலிபான்கள் கொன்றுவிட்டார்கள். உள்நாட்டில் எழுந்த கண்டனத்தைத் தாங்க முடியாமல், இனி இப்படியொரு கைமாற்றம் நடக்காது என்று கர்சாய் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் கேம்ப் டேவிட்டில் அவரும் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சந்தித்துப் பேசியபோதும் அந்த நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. கொரிய அதிபர் ரோ மூ-ஹியுன் தம் மூத்த ஆலோசகரைச் சிறப்புத் தூதராகக் காபூலுக்கு அனுப்பியும் அந்தக் கதவு திறக்கவில்லை. தன் குடிமக்களின் உயிருக்கு விலையாகக் கேட்கப்பட்ட பொருள் வேறொரு நாட்டின் பெட்டியில், அதன் சாவி மூன்றாவது நாட்டின் கையில் என்றால், ஒரு வெளியுறவு அமைச்சகத்தால் என்னதான் பேச முடியும்? படத்தின் முதல் பாதி இந்த இக்கட்டை நன்றாகவே காட்டுகிறது. கொரிய அதிகாரி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். ஒவ்வொன்றும் மரியாதையாகச் சாத்தப்படுகிறது.

இராணுவ மீட்பு ஏன் நடக்கவில்லை என்பதற்கும் இங்கேயே விடை தொடங்குகிறது. கொரியாவுக்கு அங்கே இருந்த படை இருநூறு பேர் மட்டுமே. அவர்களும் பக்ராம் தளத்தில் இருந்த மருத்துவ, பொறியியல் பிரிவினர், சண்டையிடும் படையினர் அல்லர். தாக்குதல் நடத்துவதென்றால் ஆப்கன் இராணுவமோ நேட்டோ படையோதான் நடத்த வேண்டும். அவர்களே முன்வந்தாலும் கைதிகள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, கிராமத்து வீடுகளில் வைத்து, அடிக்கடி மோட்டார் சைக்கிளில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வீட்டைத் தாக்கி நால்வரை மீட்டால், அடுத்த கிராமங்களில் இருப்பவர்களின் கதி அந்த நிமிடமே முடிந்துவிடும். எனவே இராணுவ நடவடிக்கையை எதிர்ப்பதாகச் சியோல் வெளிப்படையாகவே அறிவித்தது.

இனிப் படத்துக்கு வருவோம். இம் சூன்-ரே இயக்கி 2023 ஜனவரியில் கொரியத் திரையரங்குகளுக்கு வந்த படம் இது. சிறிய, அமைதியான படங்களால் அறியப்பட்டவர் இவர். கிராமத்துக்குத் திரும்பிச் சமைத்துச் சாப்பிட்டு வாழும் ஓர் இளம்பெண்ணின் கதையான ‘லிட்டில் ஃபாரஸ்ட்’ 2018இல் இவருக்குப் பெரும் வெற்றி தந்தது. பாலைவனமும் துப்பாக்கியும் நிறைந்த பெரும் பட்ஜெட் படத்துக்கு இவரைத் தேர்ந்தெடுத்தது ஒரு நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். படத்தில் உருப்படியாக இருப்பவை எல்லாம் இந்தத் தேர்வின் பலன்கள். ஹ்வாங் ஜோங்-மின், பேச்சுவார்த்தையில் தேர்ந்த ஆனால் ஆப்கானிஸ்தானை முன்பின் அறியாத வெளியுறவு அதிகாரியாக வருகிறார். ஹ்யுன் பின், அந்தப் பகுதியிலேயே உழன்று, ஈராக்கில் ஒரு கைதியைக் காப்பாற்ற முடியாமல் போன வலியைச் சுமந்து திரியும் உளவு அதிகாரி. ஒருவர் கோட்டும் டையும், மற்றவர் தாடியும் புழுதியும். முதல் சந்திப்பிலேயே முட்டிக்கொள்வார்கள், கடைசியில் ஒருவரையொருவர் மதிப்பார்கள் என்பது படச்சுருள் ஓடத் தொடங்கியதுமே தெரிந்துவிடுகிறது.

ஈராக் நினைவு மட்டும் வெறும் திரைக்கதை உத்தி அன்று. 2004 ஜூனில், ஈராக்கில் ஒரு கொரிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த இளைஞரைத் தீவிரவாதிகள் கடத்தினார்கள். ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பும் முடிவைக் கைவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அரசு மறுத்தது; அவர் கொல்லப்பட்டார். உயிருக்காக அவர் கதறிய காணொளியைக் கொரியா முழுவதும் பார்த்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து 23 பேர் கடத்தப்பட்டபோது, ரோ அரசு தாலிபான்களோடு நேரடியாகப் பேச ஏன் அவ்வளவு விரைவாக இறங்கி வந்தது என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள இயலாது. படம் அந்த நாட்டின் காயத்தை ஒரு தனி மனிதனின் காயமாகச் சுருக்குகிறது. வணிகப் படத்தில் அது தவிர்க்க முடியாத சுருக்கம்தான்.

உளவு அதிகாரி பாத்திரத்துக்கு ஏதேனும் மூலம் உண்டா என்று கேட்டால், நேரடியாக இல்லை. ஆனால் கொரியர்கள் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும்போது நினைவுக்கு வரக்கூடிய ஓர் ஆள் இருக்கிறார். தேசியப் புலனாய்வு அமைப்பின் அன்றைய தலைவர் கிம் மான்-போக் தாமே காபூலுக்குச் சென்று, கைதிகள் விடுதலையானதும் செய்தியாளர்கள் முன்னிலையில் தோன்றினார். உளவுத் துறைத் தலைவர் கேமரா முன்னால் நின்று தம் வெற்றியைப் பேசுவதா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. அப்போது அவருக்கு அருகில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் பேசாமல் நின்றார். தாலிபான்களோடு பேசிய உளவு அதிகாரி அவர்தான் என்று செய்தி பரவியதும், கொரிய ஊடகங்கள் அவரைக் ‘கறுப்புக் கண்ணாடி மனிதர்’ என்றே அழைத்தன. ஹ்யுன் பின்னின் பாத்திரத்துக்கு அவரோடு இதற்கு மேல் ஒற்றுமை தேட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளில் துரத்திச் சென்று ஓடும் வண்டியோடு மல்லுக்கட்டும் அந்த நீண்ட சண்டைக்காட்சி முழுக்க முழுக்கச் சினிமா. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டி எடுத்தாலும் கைதிகளின் கதையில் எதுவும் குறையாது என்பதே அதன் பலவீனம்.

படத்தின் உண்மையான பலம் மூன்றாவது ஆள். காங் கி-யோங் நடித்த காசிம், ஆப்கானிஸ்தானிலேயே தங்கிப் பிழைப்பு நடத்தும், பஷ்தூ பேசத் தெரிந்த கொரியன். பயந்தவன், காசுக்கு ஆசைப்படுபவன், ஆனாலும் ஓடிப்போகாதவன். உச்சக்கட்டத்தில் வெளியுறவு அதிகாரி தாலிபான் தளபதியின் இடத்துக்கே சென்று எதிரே அமரும்போது, அந்த அறையில் ஒவ்வொரு சொல்லும் இவன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அதிகாரி கோபத்தில் குரலை உயர்த்தினால் அந்தக் கோபத்தையும் மொழிபெயர்க்கவேண்டுமா, மழுப்பவேண்டுமா என்று இவன் ஒரு கணம் திகைக்கிறான். தளபதியின் முகம் மாறுவதற்கு முன் இவன் முகம் மாறுகிறது. துப்பாக்கி வெடிக்காமலேயே மூச்சை அடைக்கும் காட்சி அது.

நிஜத்தில் அந்தச் சந்திப்பு நடந்த விதம் இன்னும் விசித்திரமானது. ஆகஸ்ட் 10 அன்று கொரிய அதிகாரிகளும் தாலிபான் பிரதிநிதிகள் இருவரும் நேருக்கு நேர் அமர்ந்தது மலைக்குகையில் அல்ல, கஜினி நகரத்தில் உள்ள ஆப்கன் செம்பிறைச் சங்க அலுவலகத்தில். ஆப்கன் அரசே அந்தத் தாலிபான்களுக்குப் பாதுகாப்பு உறுதி கொடுத்து நகரத்துக்குள் வர அனுமதித்தது. செஞ்சிலுவைச் சங்கம் நடுநிலைத் தரப்பாக இருந்தது. எந்த அரசைக் கவிழ்க்கப் போரிட்டார்களோ அதே அரசின் காவலர்கள் வெளியே நிற்க, அவர்கள் உள்ளே பேசினார்கள். மறுநாள் வெளியே வந்து செய்தியாளர்களிடமும் பேசினார்கள். இரண்டு நாள் கழித்து விடுதலையான இரு பெண்களை, கறுஞ்சாம்பல் நிற டொயோட்டா கொரோலா காரில் பழங்குடிப் பெரியவர் ஒருவர் நெடுஞ்சாலைக்கு அழைத்து வந்தார்; அங்கே காத்திருந்த செஞ்சிலுவைச் சங்க வண்டியைக் கண்டதும் இருவரும் அழுதுவிட்டார்கள். அந்த இருவரில் ஒருவர் விடுதலை பெற்றது, வேறொரு பெண் தன் முறையை உடல்நலம் குன்றியிருந்த அவருக்கு விட்டுக்கொடுத்ததால்தான் என்று பின்னர் செய்திகள் வந்தன. படத்தில் கைதிகள் ஒரு மூலையில் நடுங்கும் கூட்டமாக மட்டுமே இருக்கிறார்கள். இப்படி ஒரே ஒரு கணத்தைத் திரைக்கதையில் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் முகம் கிடைத்திருக்கும். மீட்கப் போனவர்களின் கதையாகவே எடுக்க வேண்டும் என்ற முடிவு புரிகிறது. ஆனால் யாருக்காக இந்தப் பாடு என்பது பார்வையாளருக்கு உறைக்கவில்லை.

பிறகு எதைக் கொடுத்து உடன்பாடு எட்டினார்கள்? ஆகஸ்ட் 28 அன்று அறிவிக்கப்பட்டபடி, ஆண்டு இறுதிக்குள் படைகளைத் திரும்பப் பெறுவது, ஆப்கானிஸ்தானில் கொரியக் கிறித்தவப் பிரசாரப் பணிகளை நிறுத்துவது ஆகியவையே முதன்மையான நிபந்தனைகள். முதலாவது, கடத்தலுக்கு முன்பே சியோல் எடுத்திருந்த முடிவு. படைகள் 2007 இறுதியில் வெளியேறுவது முன்பே திட்டமிடப்பட்டிருந்தது. அதாவது, ஏற்கெனவே கொடுக்கத் தீர்மானித்திருந்ததை மீண்டும் ஒருமுறை கொடுத்து, அதைத் தாலிபான்கள் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொள்ள இடமளித்தார்கள். கைதிப் பரிமாற்றக் கோரிக்கை பேச்சின் போக்கில் உதிர்ந்துபோனது. பிணைத்தொகை கைமாறியதா என்ற கேள்வி இன்றுவரை முடியவில்லை. பெருந்தொகை பெற்றதாகத் தாலிபான் தரப்பில் சிலர் செய்தி நிறுவனங்களிடம் சொன்னார்கள். கொரிய அரசு திட்டவட்டமாக மறுத்தது. இதைவிடப் பெரிய ஆதாயம் தாலிபான்களுக்கு வேறொன்று கிடைத்தது என்பது என் எண்ணம்: ஒரு நாட்டின் அரசு தங்களோடு சமதையாக மேசையில் அமர்ந்து உடன்பாடு செய்துகொண்டது என்ற அங்கீகாரம். கனடா, ஜெர்மனி போன்ற நாடுகள் அப்போதே இதை விமர்சித்தன. தன் எதிராளிக்கு மரியாதையைத் தவிர வேறு கொடுக்க இல்லாதவன் மரியாதையைக் கொடுத்தான் என்று நான் இதைப் படிக்கிறேன். படம் இந்தக் கசப்பைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கடைசிக் காட்சியின் வெற்றிக் களிப்பு இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பையும் படம் தவிர்க்கிறது. விமான நிலையத்தில் அவர்கள் தலை குனிந்து நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். எச்சரிக்கையை மீறிச் சென்றவர்களுக்காக வரிப்பணத்தைச் செலவழிக்க வேண்டுமா என்ற வாதம் இணையத்தில் கொதித்தது. செலவில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்பது குறித்து அரசும் பேசியது. ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா ஆகிய நாடுகளுக்குச் சிறப்பு அனுமதி இன்றிச் செல்லும் கொரியர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்ற பயணத் தடை நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான். அதனால் படக்குழுவே நினைத்தாலும் ஆப்கானிஸ்தானுக்குப் போயிருக்க முடியாது. 2020இல், கொரோனா காலத்தில், ஜோர்டான் நாட்டின் பாலைவனங்களையே ஆப்கானிஸ்தானாக்கிப் படம் பிடித்தார்கள். 1991 சோமாலியா உள்நாட்டுப் போரில் சிக்கிய கொரியத் தூதரகத்தாரின் கதையான ‘எஸ்கேப் ஃப்ரம் மொகடிஷு’ மொராக்கோவில் எடுக்கப்பட்டதற்குப் பின்னாலும் இதே தடை இருந்தது.

வேறு படம் கேட்டீர்கள். அதே 2023இல், ஆகஸ்ட் மாதம் வெளியான ‘ரான்சம்டு’ இந்த வகையில் என் முதல் பரிந்துரை. இயக்கம் கிம் சோங்-ஹுன். ஹா ஜோங்-வூ, ஜு ஜி-ஹூன் நடித்தது. 1986 ஜனவரி இறுதியில் பெய்ரூட்டில் தென்கொரியத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளர் ஆயுதக் குழு ஒன்றால் கடத்தப்பட்டு, ஏறத்தாழ 21 மாதங்கள் கழித்து 1987 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். படம் அந்தச் சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தாராளமாகப் புனைந்துகொள்கிறது. தொடக்கம் அபாரம்: நள்ளிரவில் அமைச்சக அலுவலகத்தில் தனியாக இருக்கும் அதிகாரி தொலைபேசியை எடுக்கிறார், மறுமுனையில் குரல் இல்லை, கருவியைத் தட்டும் ஒலி மட்டும். வேண்டாத அழைப்பு என்று வைக்கப் போகிறவர், அது தூதரக அதிகாரிகளுக்குத் தெரிந்த சங்கேதத் தட்டல் என்று உணர்கிறார். செத்துவிட்டார் என்று எல்லோரும் கைகழுவியவர் உயிரோடு இருக்கிறார்.

இந்த அதிகாரி மீட்கப் போவது கருணையால் மட்டும் அல்ல. திரும்பி வந்தால் நல்ல ஊரில் பதவி வேண்டும் என்ற கணக்கும் அவருக்கு உண்டு. பெய்ரூட்டில் அவரை ஏற்றிக்கொள்ளும் கொரிய டாக்சிக்காரர் சந்தர்ப்பம் கிடைத்ததும் பிணைத்தொகைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ‘தி பாயிண்ட் மென்’ நாயகர்களைவிட இவர்கள் இருவரும் நம்பும்படி இருப்பதற்கு இந்தச் சில்லறைப் புத்தியே காரணம். இங்கேயும் கதையின் அடிமுடிச்சு, கொடுக்க வேண்டியதை யார் கொடுப்பது என்பதுதான்: வெளியுறவு அமைச்சகம் பணம் கேட்கிறது, உளவு அமைப்பு முட்டுக்கட்டை போடுகிறது. 1987இல் கொரியாவில் மக்கள் போராட்டத்துக்குப் பணிந்து நேரடி அதிபர் தேர்தலை அரசு ஒப்புக்கொண்டிருந்தது. 1988 ஒலிம்பிக்ஸ் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனின் உயிர் அந்தக் கணக்குகளுக்குள் எங்கே வருகிறது என்பதை உரத்துப் பேசாமல் காட்டுகிறார்கள். குறுகிய சந்துகளில் நடக்கும் டாக்சித் துரத்தலும் வெறும் அலங்காரமாக இல்லாமல் கதையை நகர்த்துகிறது. ஆனாலும் படத்துக்குக் கூட்டம் வரவில்லை. விண்வெளிப் படமான ‘தி மூன்’ அதே நாளில் வெளியாகி, அதைச் சுற்றிலும் பெரிய படங்கள் வரிசை கட்டி நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கமாண்டோ மீட்பே கொரிய வரலாற்றில் இல்லையா என்றால், இருக்கிறது. 2011 ஜனவரியில் அரபிக் கடலில் சோமாலியக் கொள்ளையர்கள் ‘சாம்ஹோ ஜுவல்லரி’ என்ற கப்பலைக் கைப்பற்றினார்கள். முதல் முயற்சியில் கமாண்டோக்கள் சிலர் காயமடைந்து பின்வாங்க நேர்ந்தது. ஜனவரி 21 அன்று கொரியக் கடற்படையின் சிறப்புப் படையினர் கப்பலில் ஏறி, எட்டுக் கொள்ளையர்களைக் கொன்று, ஐவரைப் பிடித்து, மாலுமிகள் 21 பேரையும் மீட்டார்கள். வேண்டுமென்றே கப்பலை மெதுவாகச் செலுத்தி நேரம் வாங்கிக் கொடுத்த கேப்டன் மட்டும் பல குண்டுகள் பாய்ந்து உயிருக்குப் போராடிப் பிழைத்தார். கஜினியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கைதிகள் அனைவரும் ஒரே கப்பலில் இருந்தார்கள். சுற்றிலும் திறந்த கடல். அருகிலேயே சொந்தப் போர்க்கப்பல். அனுமதி கேட்க வேண்டிய அரசு வேறு எதுவும் இல்லை. இந்த நான்கில் ஒன்றுகூட 2007இல் கொரியாவுக்கு வாய்க்கவில்லை.

பார்க்கும் வரிசை என்று கேட்டால், விறுவிறுப்பை விரும்புகிறவர் ‘ரான்சம்டு’ படத்திலிருந்து தொடங்கலாம். ‘தி பாயிண்ட் மென்’ படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட நீங்கள், அதன் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். எந்த மொழிமாற்றுப் பதிப்பு கிடைத்தாலும் அதை விட்டுவிட்டு, மூல ஒலியில், துணைவசனத்தோடு பார்ப்பது அவசியம். கொரிய மொழியும் பஷ்தூவும் ஒரே மொழியாகிவிட்டால், அந்த அறையில் காசிம் எதற்காக வியர்க்கிறான் என்பதே விளங்காமல் போய்விடும்.